புண்கட்டில் இருந்த வெள்ளி எங்கே போனது? கிராட்ஸ் தீக்காய நிகழ்வும் புண்கட்டுப் பாலிமர்களும்

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மருத்துவர்கள் 2006இல் ஒரு தீக்காய நோயாளியைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். அவருக்கு வயது 17. அதுவரை எந்த நோயும் இல்லாதவர். உடற்பரப்பில் 30% எரிந்திருந்தது, சில இடங்களில் மேலோட்டமாக, சில இடங்களில் ஆழமாக. புண்களின் மேல் ஆக்டிகோட் என்ற வெள்ளி பூசிய கட்டைப் போட்டிருந்தார்கள். ஒரு வாரச் சிகிச்சைக்குப் பிறகு, உடலில் வெள்ளி படிந்தவர்களிடம் காணப்படுவது போன்ற சாம்பல் நிறம் தோன்றியது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளின் அளவு ரத்தத்தில் ஏறியது. வெள்ளியை அளந்து பார்த்தபோது பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்மப் பகுதியில்) கிலோவுக்கு 107 மைக்ரோகிராமும் சிறுநீரில் கிலோவுக்கு 28 மைக்ரோகிராமும் இருந்தன. வெள்ளியோடு தொழில்முறைத் தொடர்பில்லாத ஒருவரின் ரத்தத்தில் லிட்டருக்கு ஓரிரு மைக்ரோகிராமுக்கு மேல் வெள்ளி இருப்பதில்லை. கட்டை நிறுத்தினார்கள். அறிகுறிகள் மறைந்தன, நொதிகள் இயல்புக்கு வந்தன.

மரியா ட்ரோப் குழுவினர் எழுதிய அந்தச் சிறிய அறிக்கை, நானோ வெள்ளியை, அதாவது மிக நுண்ணிய துகள்களாக்கிய வெள்ளியை, புண்கட்டில் சேர்க்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான், கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட், மாட்டுத்தோலின் கொலாஜன், பருத்தியின் செல்லுலோஸ் என்று ஏதாவதொரு இயற்கைப் பாலிமரில் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளில்) வெள்ளித் துகளைக் கலந்து, பாக்டீரியாவைக் கொன்று காட்டும் ஆய்வுகள் இன்று குவிந்து கிடக்கின்றன. கொல்கிறதா என்ற கேள்விக்கு வெள்ளி எப்போதோ பதில் சொல்லிவிட்டது. எவ்வளவு வெள்ளி, எத்தனை நாளில், புண்ணுக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் போகிறது? கிராட்ஸ் எழுப்பிய இந்தக் கேள்விக்கு விடை பாலிமரிடம்தான் இருக்கிறது.

அந்தக் கட்டு வந்த வழி

தீக்காய வார்டில் வெள்ளியின் வரலாறு வலியும் அழுக்கும் நிறைந்தது. 1965இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கார்ல் மோயர் 0.5% வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தீக்காயத்துக்குப் பயன்படுத்தினார். லிட்டருக்கு ஏறத்தாழ 3.2 கிராம் வெள்ளி அதில் இருக்கிறது. கட்டுத்துணி காயாதபடி நாள் முழுவதும் கரைசலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பட்ட இடமெல்லாம் கறுப்பாகும். இதைவிட ஆபத்தான விஷயம், உப்பில்லாத அந்தக் கரைசல் நோயாளியின் உடலிலிருந்து சோடியத்தையும் குளோரைடையும் உறிஞ்சி எடுத்துவிடும். 1968இல் நியூயார்க்கில் சார்லஸ் ஃபாக்ஸ் சில்வர் சல்ஃபாடயசின் என்ற 1% வெள்ளைக் க்ரீமைக் கொண்டுவந்தார். இன்றும் நம் ஊர் மருந்துக் கடைகளில் தீக்காயத்துக்கு என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அதைத்தான். அந்தக் க்ரீமைத் தினமும் துடைத்தெடுத்து மறுபடி தடவ வேண்டும். வெந்த தோலைத் துடைக்கும்போது நோயாளி படும் பாட்டை ஒருமுறை கேட்டவர்கள், ‘மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும்’ என்று வரும் கட்டை ஏன் வரவேற்றார்கள் என்று புரிந்துகொள்வார்கள்.

அப்படி வந்ததுதான் ஆக்டிகோட். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வெஸ்டைம் நிறுவனத்தில் ராபர்ட் பரெல் குழுவினர் உருவாக்கியது. வெற்றிட அறையில் வெள்ளியை ஆவியாக்கிப் பாலிஎத்திலீன் வலையின் மேல் படியவைக்கிறார்கள். அணுக்கள் ஒழுங்கான பெரிய படிகங்களாக அடுக்கப்படுவதற்கு முன்பே உறைந்துவிடுவதால், வெள்ளி நானோ அளவில் நின்று எளிதாகக் கரைகிறது. எட்மண்டனில் டிரெட்ஜெட் குழுவினர் 30 நோயாளிகளிடம், ஒரே உடலின் இரு ஒத்த புண்களில் ஒன்றுக்கு இதையும் மற்றதற்கு வெள்ளி நைட்ரேட்டையும் போட்டுப் பார்த்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். திசுவின் ஒரு கிராமுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கிருமிகள் என்ற அளவில் புண் சீழ்பிடித்தது வெள்ளி நைட்ரேட் பக்கம் 16, ஆக்டிகோட் பக்கம் 5. புண்ணிலிருந்து ரத்தத்துக்குத் தொற்று பரவியது வெள்ளி நைட்ரேட் பக்கம் 5, ஆக்டிகோட் பக்கம் 1. கட்டை எடுக்கும்போது வலியும் குறைவு. இது பெரிய முன்னேற்றம். கிராட்ஸ் நிகழ்வைப் பேசும்போது இந்த எண்களை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. தீக்காயத்தில் தொற்று உயிரை எடுக்கும். வெள்ளி உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

குற்றம் வெள்ளியுடையதுதானா?

ஒரே ஒரு நோயாளி. 30% தீக்காயம் பட்ட உடலில் கல்லீரல் நொதிகள் ஏறுவதற்கு வெள்ளி தேவையில்லை. அதிர்ச்சி, தொற்று, வலிநிவாரணிகள், ஆன்டிபயாட்டிக்குகள், மயக்க மருந்துகள் என்று எது வேண்டுமானாலும் ஏற்றலாம். நாள் செல்லச்செல்லக் காயம் ஆறும்போது அவை தாமாகவே இறங்கவும் செய்யும். நிறுத்தியதும் சரியாயிற்று என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. மறுபடி அதே கட்டைப் போட்டு நொதிகள் மறுபடி ஏறுகின்றனவா என்று சோதிப்பதை எந்த மருத்துவரும் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது.

ஆனாலும் வெள்ளியின் மேல் வலுவான சந்தேகம் விழுகிறது. முதல் காரணம் அந்த 107. வெள்ளி ரத்தத்துக்குள் போயிருக்கிறது என்பதில் ஐயமே இல்லை, அதுவும் வழக்கத்தைப் போலப் பல பத்து மடங்கு. இரண்டாவது, உடல் வெள்ளியை வெளியேற்றும் முதன்மையான பாதை கல்லீரலும் பித்தமும். சிறுநீர் வழியாகப் போவது குறைவு. சிறுநீர் அளவு பிளாஸ்மா அளவைவிடக் குறைந்திருந்தது இதனோடு ஒத்துப்போகிறது. சுமை கல்லீரலில்தான் விழும், அங்கேதான் நொதிகளும் ஏறின. மூன்றாவது, புண்ணின் தன்மை. முழு ஆழத்துக்கும் வெந்து பொருக்காகிப்போன தோலில் ரத்த ஓட்டம் இல்லை. அதன் வழியே உறிஞ்சப்படுவதும் குறைவு. பாதி ஆழம் வெந்த தோலில் தடுப்புச் சுவர் போய்விட்டது, ரத்த நாளங்களோ உயிரோடு இருக்கின்றன. உறிஞ்சுவதற்கு அதைவிட வசதியான பரப்பு கிடையாது.

நிறமாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி சல்ஃபைடாகவும் செலினைடாகவும் தோலில் படிந்து, வெயில் படும் இடங்களில் நீலச்சாம்பல் நிறம் தருவதைத்தான் ஆர்ஜைரியா என்கிறார்கள். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் போகாது. கிராட்ஸ் நோயாளிக்கு அது போய்விட்டது. ‘ஆர்ஜைரியா போன்ற’ என்று அவர்கள் கவனமாக எழுதியது சரியே. நிலையான படிவு ஏற்படும் முன்பே கட்டை எடுத்துவிட்டார்கள் என்று நான் வாசிக்கிறேன். அவர்கள் வெள்ளியை அளந்து பார்த்ததே அந்த இளைஞருக்குக் கிடைத்த நன்மை.

ஒரு கணக்கு

வளர்ந்த ஒருவரின் உடற்பரப்பு 1.7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30% என்றால் 5,100 சதுர சென்டிமீட்டர். ஆக்டிகோட்டில் 100 சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 105 மில்லிகிராம் வெள்ளி இருப்பதாக அளந்திருக்கிறார்கள். ஒரு தடவை கட்டுப் போட்டால் உடல்மேல் இருப்பது ஏறத்தாழ 5.4 கிராம். ஒரு வாரத்தில் இரண்டு, மூன்று முறை மாற்றினால் 10 கிராமைத் தாண்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கான வழிகாட்டுதலில், வாழ்நாள் முழுவதும் வாய்வழியாகச் சுமார் 10 கிராம் வெள்ளி உள்ளே போனால் தீங்கு தெரியாது என்ற அளவைக் குறிப்பிடுகிறது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. கட்டில் இருக்கும் வெள்ளியின் பெரும்பகுதி கட்டிலேயே தங்கிவிடும், அல்லது புண்ணின் கசிவில் குளோரைடோடும் புரதத்தோடும் சேர்ந்து செயலிழக்கும். ஆனாலும் ஒரு வாழ்நாள் வரம்புக்குச் சமமான இருப்பைத் தடுப்புச் சுவர் இல்லாத உடம்பின் மேல் ஒரே வாரத்தில் வைக்கிறோம். அதில் நூற்றில் எத்தனை பங்கு உள்ளே போகிறது என்பதை வைத்துத்தான் மருந்தா நஞ்சா என்று சொல்ல முடியும்.

நானோ என்ற சொல்லின் பொருளும் இந்தக் கணக்கில்தான் விளங்கும். ஒரு கிராம் வெள்ளியைக் கனசதுரமாகச் செய்தால் அதன் மேற்பரப்பு ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர். அதே கிராமை 10 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளாக்கினால் 57 சதுர மீட்டர். கரைவது மேற்பரப்பில்தான் நடக்கிறது. ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் 2012இல் ஆக்சிஜன் இல்லாத சூழலில் நானோ வெள்ளியை ஈகோலை கிருமிகளோடு வைத்துப் பார்த்தார்கள். கொல்லும் திறன் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. ஆக்சிஜன் இல்லாவிட்டால் துகள் கரைந்து அயனியாக, அதாவது மின்னூட்டமுள்ள வெள்ளி அணுவாக, மாற முடியாது. கொல்வது அயனி. துகள் என்பது அயனியின் சேமிப்பு. வெளிவந்த அயனி பாக்டீரியாவின் நொதிகளிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றின் சுவாசத்தை நிறுத்துகிறது. நம் செல்களின் நொதிகளிலும் அதே கந்தகம் இருக்கிறது.

பாலிமரின் வேலை

இயற்கைப் பாலிமர் என்றதும் ‘இயற்கை, ஆகவே பாதுகாப்பு’ என்று எழுதும் பழக்கம் என்னை வருத்துகிறது. கைட்டோசானுக்குள்ளிருந்து வரும் வெள்ளி அயனியும் பாலிஎத்திலீன் வலையிலிருந்து வரும் வெள்ளி அயனியும் ஒன்றே. வேறுபாடு, எவ்வளவு சேமித்து எப்படி விடுகிறது என்பதில்.

பாலிஎத்திலீனுக்கு வெள்ளியைப் பிடித்துவைக்கும் வேதிக் கைகள் இல்லை. வெள்ளி அதன் மேல் பூச்சாக உட்கார்ந்திருக்கிறது. ஈரம் பட்டால் கரைகிறது. ஆல்ஜினேட்டின் கதை வேறு. பழுப்புக் கடற்பாசியின் செல்சுவரிலிருந்து எடுக்கும் இந்தச் சர்க்கரைச் சங்கிலியில் எதிர்மின்னுள்ள கார்பாக்சில் தொகுதிகள் வரிசையாக இருக்கின்றன. கால்சியம் அயனிகள் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும். புண்ணின் கசிவிலுள்ள சோடியம் உள்ளே வந்து கால்சியத்தை வெளியேற்றும்போது இழை ஊதி, கூழாகிறது. வெள்ளி அயனியையும் அதே கார்பாக்சில் தொகுதிகளில் பிணைத்துவைத்தால், சோடியம் வரும் அளவுக்குத்தான் வெள்ளி வெளியே போகும். கசிவு அதிகமுள்ள, தொற்றுக்கு இடமளிக்கும் புண்ணுக்கு அதிகம். உலர்ந்துவரும் புண்ணுக்குக் குறைவு. இந்தப் பாசிகள் நமக்கு அந்நியமல்ல. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம், மண்டபம் கரையோரப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறித்துவரும் பாசிகளில் ஆல்ஜினேட் தரும் சர்காசமும் டர்பினேரியாவும் உண்டு.

இந்தக் கொள்கை விற்பனைக்கு வந்து நிலைத்துமிருக்கிறது. அக்வாசெல் ஏஜி என்ற கட்டு, செல்லுலோஸை மாற்றியமைத்த கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. வெள்ளி அதில் துகளாக அல்லாமல் அயனியாகவே பிணைந்திருக்கிறது. 100 சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம். மேலே போட்ட 5,100 சதுர சென்டிமீட்டர் கணக்கை இதற்குப் போட்டால் 0.42 கிராம், அதாவது ஏறத்தாழப் பதின்மூன்றில் ஒரு பங்கு. பாதி ஆழத் தீக்காயமுள்ள 84 பேரிடம் இதைச் சில்வர் சல்ஃபாடயசினோடு ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வில், கட்டு மாற்றும் தடவைகளும் வலியும் குறைந்திருந்தன. கிராட்ஸ் அறிக்கை வந்த அதே ஆண்டு!

கைட்டோசான் இன்னும் சுவாரசியமானது. இறால், நண்டு ஓடுகளை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் கொதிக்கவைத்துப் புரதத்தை நீக்கினால் கைட்டின் மிஞ்சும். அதை 40–50% காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் அசெட்டைல் தொகுதிகள் கழன்று அமீன் தொகுதிகள் வெளிப்படும். அதுதான் கைட்டோசான். லேசான அமிலத்தில் அந்த அமீன்கள் நேர்மின் ஏற்று, எதிர்மின்னுள்ள சிவப்பணுக்களை இழுத்துச் சேர்த்து ரத்தத்தை நிறுத்துகின்றன. ஹெம்கான் என்ற கைட்டோசான் கட்டுக்கு 2002இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்முனைகளில் அமெரிக்க வீரர்களின் முதலுதவிப் பையில் அது இருந்தது. வெள்ளி சேர்ந்தபோது அதே அமீன்களுக்கு இரண்டாவது வேலை கிடைக்கிறது. கைட்டோசானை 1% அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, வெள்ளி நைட்ரேட் சேர்த்துச் சூடாக்கினால் வேறு எந்த வேதிப்பொருளும் இல்லாமல் கரைசல் மஞ்சளாகும். பாலிமரே வெள்ளி அயனியை உலோகமாக ஒடுக்கி, உருவான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தாங்கிக்கொள்கிறது. கொச்சியில் அம்ரிதா நானோ அறிவியல் மையத்தில் ஜெயக்குமார் குழுவினர் கைட்டினோடு நானோ வெள்ளியையும், கைட்டோசானோடு நானோ துத்தநாக ஆக்சைடையும் சேர்த்துப் பஞ்சு போன்ற கட்டுகள் செய்திருக்கிறார்கள். கிருமியைக் கொல்வதோடு ரத்தத்தையும் உறையவைத்தன.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மஞ்சள் நிறம் வந்துவிட்டால் வெள்ளி முழுவதும் துகளாகிவிட்டது என்று பொருளல்ல. ஒடுங்காத வெள்ளி நைட்ரேட் படலத்துக்குள்ளேயே தங்கியிருக்கும். சரியாகக் கழுவாமல் சோதித்தால் முதல் நாளே அது வெளியேறிக் கிருமிகளைக் கொல்லும், ‘நானோ’ பெயர் வாங்கிக்கொள்ளும். படலத்தில் மிஞ்சிய அசெட்டிக் அமிலமும் தன் பங்குக்குக் கொல்லும். வெள்ளியில்லாத கைட்டோசான் படலத்தையும், அதே அளவு வெள்ளி நைட்ரேட் மட்டும் கலந்த படலத்தையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்காத ஆய்வை நான் நம்புவதில்லை.

தட்டுக்கும் புண்ணுக்கும் நடுவே

கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் கட்டின் வட்டத் துண்டை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வளையத்தை அளப்பதுதான் வழக்கமான சோதனை. அந்த வளையம், வெள்ளி அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவியது என்றுதான் சொல்கிறது. வெள்ளியை இறுக்கிப் பிடித்து மெல்ல விடும் நல்ல கட்டு சிறிய வளையம் தரும். கொட்டித் தீர்க்கும் கட்டு பெரிய வளையம் தரும். பெரிய வளையத்தைத் துரத்தும் ஆய்வாளர், தன்னை அறியாமல் கிராட்ஸ் பக்கம் நடந்துகொண்டிருக்கிறார்.

புண்ணில் குளோரைடு இருக்கிறது, ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது, ஆற வேண்டிய செல்களும் இருக்கின்றன. குளோரைடு வெள்ளியைக் கரையாத சில்வர் குளோரைடாக்கிவிடும். இதனால்தான் ஆக்டிகோட்டைச் சலைனில் நனைக்கக் கூடாது, ஊசிக்குப் பயன்படுத்தும் தூய நீரில் நனைக்க வேண்டும் என்பது விதி. எந்தக் கட்டானாலும் சலைனில் நனைப்பதே வார்டுப் பழக்கம் என்பதால், இந்த ஒரு வரியைக் கட்டின் உறையில் தமிழில் பெரிதாக அச்சிட வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

செல்களைப் பொறுத்தவரை, ஹாங்காங்கில் பூன், பர்ட் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. கண்ணாடிக் குடுவையில் ஒற்றையடுக்காக வளர்த்த தோல் செல்களை வெள்ளி கடுமையாகக் கொன்றது. திசு போன்ற அமைப்பில் வளர்த்தபோது நஞ்சின் வேகம் குறைந்தது. செல்லைச் சுற்றி இருப்பது எது என்பதே பாதி விடை. நம் தீக்காய வார்டுகளில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள கொலாஜன் ஷீட்டின் மேல் வெள்ளியைச் சேர்க்க நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்குக் கிருமிகள் பழகிக்கொள்ளாது என்பதும் தவறு. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டைத் தாங்கும் சால்மொனெல்லா பரவி மூவர் இறந்ததை 1975இல் மக்ஹியூ குழுவினர் பதிவு செய்தார்கள்; அந்தப் பிரிவையே மூட வேண்டியதாயிற்று. பின்னாளில் அந்தக் கிருமியின் பிளாஸ்மிடில், அதாவது அதன் தனி டி.என்.ஏ. வளையத்தில்தான், வெள்ளியை வெளியே தள்ளும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள்.

கிராட்ஸுக்குப் பிறகு

பர்மிங்காம் தீக்காயப் பிரிவினர் 30 நோயாளிகளிடம் ஆக்டிகோட் போட்டு ரத்த வெள்ளியைத் தொடர்ந்து அளந்து 2007இல் வெளியிட்டார்கள். அளவு எல்லோரிடமும் ஒரே மாதிரி இல்லாவிட்டாலும் சிகிச்சையின்போது ஏறியது, மாதங்கள் கழித்து இறங்கியது. வெள்ளியால் ஏற்பட்ட நச்சு என்று சொல்லத்தக்க மாற்றம் ரத்தப் பரிசோதனைகளில் தெரியவில்லை. கிராட்ஸ் நிகழ்வு அரிதானது என்று இதை வாசிக்கலாம். உறிஞ்சப்படுவது அரிதல்ல, உடல் காட்டும் பாதிப்புதான் அரிது என்று நான் வாசிக்கிறேன். சிறு பரப்பில் இருக்கும் புண்ணுக்கு இந்த அச்சம் தேவையில்லை. பரப்பு விரிய விரியத் தேவை. கல்லீரல், சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கும், எடைக்கு ஒப்பிடும்போது தோற்பரப்பு அதிகமுள்ள குழந்தைக்கும் முன்கூட்டியே தேவை.

மறுபக்கம், தொற்றில்லாத நாள்பட்ட புண்ணுக்கு வெள்ளி போடுவதால் பயன் உண்டா என்பதையும் கேட்டார்கள். ஷெஃபீல்டில் காலின் சிரைகளில் ரத்தம் தேங்குவதால் வரும் புண்களுள்ள 213 பேரிடம் நடந்த வல்கன் சோதனையில், 12 வாரத்தில் ஆறியவர்கள் வெள்ளிக் கட்டில் 59.6%, வெள்ளியில்லாத கட்டில் 56.7%. வேறுபாடு என்று சொல்ல முடியாது. 2010இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 26 சோதனைகளைப் பார்த்துவிட்டு, வெள்ளிக் கட்டு புண்ணை விரைவில் ஆற்றுகிறது என்றோ தொற்றைத் தடுக்கிறது என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. தொற்று இருக்கும் இடத்தில், தொற்று இருக்கும் நாள்வரை என்பதே வெள்ளிக்குரிய இடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ‘இன்னும் வேண்டுமா?’ என்று நின்று கேட்க வேண்டும்.

இனி ஒரு புதிய கைட்டோசான்–வெள்ளிக் கட்டோ ஆல்ஜினேட்–வெள்ளிக் கட்டோ என் மேசைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வெள்ளி என்ற எண்ணை. அடுத்தது, தண்ணீரில் அல்லாமல் குளோரைடும் புரதமும் உள்ள நீர்மத்தில், முதல் மணி நேரத்திலும் முதல் நாளிலும் மூன்றாம் நாளிலும் எவ்வளவு வெளிவந்தது என்ற எண்ணை. பிறகு கட்டைக் கழற்றியபோது அதில் எவ்வளவு மிஞ்சியது, விலங்கின் கல்லீரலில் எவ்வளவு சேர்ந்தது என்பவை. கைட்டோசானாக இருந்தால், இறால் ஓட்டின் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் அசெட்டைல் நீக்கிய அளவு மாறும் என்பதால், இந்த எண்கள் மூன்று தொகுதிகளிலாவது ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பேன். கிருமி வளராத வளையத்தின் படத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.